எல்லைக்கோட்டுப் பெறுபேறும் ஒப்டோமெற்றி விண்ணப்பமும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் வாசகர் பக்கத்தில் சென்ற வாரம் ஒட்டுசுட்டான் பகுதியைச் சேர்ந்த தாயார் ஒருவர் எழுதிய கடிதம் வெளியாகியிருந்தது. உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் தம் மகள் ஒரு ‘சி’யும் இரண்டு ‘எஸ்’ஸும் பெற்றிருக்கிறாள் என்றும், ஒப்டோமெற்றி எனப்படும் பார்வை அளவியல் படிப்பில் அவளுக்கு நாட்டம் இருக்கிறது என்றும், இந்தப் பெறுபேற்றுடன் விண்ணப்பிக்கலாமா அல்லது அது வீண் செலவாகிவிடுமா என்றும் அவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களில் ஒன்று, முயன்றால் முடியாதது இல்லை என்று உற்சாகப்படுத்தியது. மற்றொன்று, தகுதிக்கு மீறி ஆசைப்பட வேண்டாம் என்று அறிவுரை கூறியது. இரண்டையும் எழுதியவர்கள் அந்தப் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளில் எந்தப் பாடத்துக்கு எந்த எழுத்து என்பதைக்கூடக் கேட்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், ஒவ்வோர் ஆண்டும் பெறுபேறு வெளியானதும் இதே கேள்வியோடு வரும் பெற்றோருடன் பேசிப் பழகியவன் என்ற முறையிலும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

விண்ணப்பிக்கலாமா என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. வாசல் ஒடுக்கமான இடங்கள் சில உள்ளன; அங்கே போட்டி உண்டு, அதற்குக் கீழே இடமில்லை என்ற வெட்டுப்புள்ளி உண்டு, தெரிவு செய்பவர்கள் நம்மை அறியாதவர்கள். அந்த இடங்களுக்கு விண்ணப்பிப்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை, ஏனெனில் யோசிக்கும் வேலையை அந்த வாசல் செய்துகொள்ளும். வாசல் அகலமான இடங்களும் உள்ளன. கட்டணம் செலுத்தக்கூடியவர் எவரையும் அவை மறுப்பது அரிது. நமது சனம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஒடுக்கமான வாசலுக்கு முன்னால் தயங்கி விண்ணப்பிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். அகலமான வாசலுக்குள் ஒரு கேள்வியும் கேட்காமல், வயல் காணியை ஈடு வைத்துக்கொண்டு நுழைந்துவிடுகிறார்கள்.

முதலில் பெறுபேற்றுத் தாளைப் பார்ப்போம். உயர்தரத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து 35 புள்ளியிலிருந்து 54 வரைக்கும் பொதுவானது. ‘சி’ 55இல் தொடங்கி 64இல் முடிகிறது. ஆகவே மூன்று பாடத்திலும் 53, 54 எடுத்த பிள்ளையும் 35, 36 எடுத்த பிள்ளையும் வீட்டுச் சுவரில் ஒரே மாதிரியான மூன்று ‘எஸ்’ஸைத்தான் ஒட்டிவைக்கும். இந்த இருவரையும் ஓரளவேனும் பிரித்துக் காட்டுவது அந்தத் தாளிலேயே அச்சாகி வரும் இசட் புள்ளி. பாடத்தின் சராசரியிலிருந்து ஒருவருடைய புள்ளி எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை, புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுத்துக் கிடைப்பது அது. ஆதலால் கடினமான வினாத்தாள் வந்த ஆண்டில் எடுத்த ‘எஸ்’ இலகுவான ஆண்டின் ‘எஸ்’ஸைவிட மதிப்புக் கூடியதாக இருக்கக்கூடும். எல்லைக்கோட்டில் நிற்கிறேன் என்று சொல்லும் எந்தப் பிள்ளையிடமும் நான் எழுத்துக்களைக் கேட்பதற்கு முன்னர் இசட் புள்ளியையே கேட்பது வழக்கம். பல வீடுகளில் அது என்னவென்று அப்பா அம்மாவுக்குத் தெரிவதில்லை. எழுத்து மட்டுமே அயலுக்குச் சொல்லப்படுகிறது.

இனி ஒடுக்கமான வாசல்கள். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது ‘எஸ்’ சித்தியும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் உள்ள எவரும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நமது நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருப்பவையே. எனவே கொழும்பில் எல்லைக்கோட்டுக்குக் கீழே கருதப்படும் ஓர் இசட் புள்ளி முல்லைத்தீவில் எல்லைக்கோட்டுக்கு மேலே இருக்கலாம். இதை அறிந்திருந்தும், சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைவிடத் தம் புள்ளி சற்றுக் குறைவு என்பதற்காக ஒரு கற்கைநெறியை விருப்பப் பட்டியலில் எழுதாமலே விட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி சென்ற ஆண்டு போட்டியிட்டவர்களால் ஆனது. இந்த ஆண்டுக்கு அது ஓர் அறிகுறி மட்டுமே. விரும்பிய நெறியை முதலில் எழுதி, கிடைக்கக்கூடியதை அதற்குக் கீழே எழுதுவதால் எந்த இழப்பும் இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உள்ள தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் போன்ற நெறிகளையும் அந்தப் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம். கண்தான் வேண்டும் என்று நிற்பதும் நோயாளருக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும் என்று நிற்பதும் வெவ்வேறு விருப்பங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இவ்விரண்டும் ஒன்றாகத் தெரிவது இயல்பு. சுகாதார அமைச்சு துணை மருத்துவச் சேவைகளின் பயிற்சிக்கு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருவதும் உண்டு. கண் மருத்துவத் தொழினுட்பவியலாளர்கள் அரச வைத்தியசாலைகளுக்கு அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அந்த அறிவித்தல்களில் பாடம், சித்தி, வயது பற்றிய நிபந்தனைகள் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். தகுதி இருக்கிறதா என்று மாமாவையும் ரியூசன் வாத்தியாரையும் கேட்பதை விட்டு, பென்சிலும் கையுமாக அதை வாசித்து, பொருந்தினால் அன்றே அனுப்பிவிட வேண்டும்.

சிந்தனை தேவைப்படுவது பணம் கட்டிப் படிக்கும் இடங்களைப் பற்றித்தான். இவற்றில் மிக நல்லவையும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னையில் சங்கர நேத்ராலயாவோடு இணைந்து 1985இல் தொடங்கப்பட்ட எலீட் ஸ்கூல் ஒஃப் ஒப்டோமெற்றி போன்ற நிறுவனங்கள் பெயர் பெற்றவை. இந்தியாவில் ஒப்டோமெற்றிப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டுகள். மூன்று ஆண்டுகள் வகுப்பு, ஓர் ஆண்டு உள்ளகப் பயிற்சி. அதே பெயரின் நிழலில் இரண்டு ஆண்டு டிப்ளோமாக்களும் சில மாதப் பயிற்சிகளும் விற்கப்படுகின்றன. கண்ணாடிக் கடையில் வில்லை வெட்டிச் சட்டகத்தில் பொருத்துபவர், பார்வையை அளந்து நோய்க்குறியைக் கண்டு நோயாளரை மேலதிக சிகிச்சைக்கு அனுப்புபவர், சத்திரசிகிச்சை செய்யும் கண் வைத்திய நிபுணர் ஆகிய மூவரும் மூன்று வெவ்வேறு தொழிலினர். இவர்களில் இரண்டாமவரே ஒப்டோமெற்றிஸ்ற். எந்தப் படிப்பு எந்தத் தொழிலுக்கு இட்டுச் செல்கிறது என்பதை விளம்பரத்தின் தலைப்பை வைத்து முடிவு செய்ய இயலாது.

அனுமதி கிடைத்துவிட்டது என்பதாலேயே தகுதி நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று இந்த இடங்களில் கொள்ள முடியாது. ஆகவே வாசல் செய்யாத பரிசோதனையை வீட்டில் நாமே செய்துகொள்ள வேண்டும். ஒப்டோமெற்றியின் முதல் இரண்டு ஆண்டுகளைத் தாங்கி நிற்பது ஒளியியல்: ஒளி முறிவு, தடித்த வில்லைகள், அரியங்கள், உருளை வில்லைகள், கண்ணை ஒரு வில்லைத் தொகுதியாகக் கொண்டு செய்யும் கணிப்புகள். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளில் பலர் பௌதிகவியலைச் சகித்துக்கொண்டு படிப்பவர்கள் என்பதையும், சாதாரண தரத்துடன் கணிதத்தை மூடிவைத்தவர்கள் என்பதையும் வகுப்பறையில் நின்றவர் எவரும் அறிவர். கண் என்றதும் உயிரியல் படிப்பு என்று எண்ணிப் போகும் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நான் கொடுக்கும் பரிசோதனை எளியது. அதற்கு வேண்டிய அறிவு முழுவதும் உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்தில் அலைகள் அலகுக்குள் கண்ணின் குறைபாடுகள் என்ற பகுதியில் இருக்கிறது. ஒருவரின் சேய்மைப் புள்ளி 50 சென்ரிமீற்றர். அதற்கு அப்பால் எதுவும் அவருக்குத் தெளிவில்லை. அவருக்கு எந்த வில்லை தேவை? விடை, மைனஸ் 2 டயொப்டர் வலுவுள்ள குழிவு வில்லை. இன்னொருவருக்கு அண்மைப் புள்ளி, அதாவது தெளிவாகத் தெரியும் மிகக் கிட்டிய இடம், 1 மீற்றருக்குத் தள்ளிப் போய்விட்டது; அவர் 25 சென்ரிமீற்றரில் பத்திரிகை வாசிக்க வேண்டும். விடை, பிளஸ் 3 டயொப்டர். சூத்திரத்தில் போட்டு விடை எடுப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. ஏன் முதலாமவருக்கு மைனஸும் மற்றவருக்குப் பிளஸும் வருகிறது, வில்லை செய்கிற வேலை என்ன, விம்பம் எங்கே கொண்டு வைக்கப்படுகிறது என்பதைச் சூத்திரம் எழுதாமல் தன் தாய்க்கு விளங்கும்படி அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். ‘எஸ்’ எடுத்த பிள்ளைகளில் சிலர் இதை ஆசையோடு சொல்வார்கள். பரீட்சை மண்டபத்தில் அவர்களைத் தோற்கடித்தது நேரம் அல்லது கட்டுரை வினா. ‘பி’ எடுத்தவர்களில் சிலர் இதைச் சொல்லமாட்டார்கள்; சொல்ல விருப்பமும் இருக்காது. முதலாவது வகைப் பிள்ளைக்காகக் காணியை ஈடு வைப்பதில் நியாயம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இரசாயனவியலில் உள்ள ‘எஸ்’ எனக்கு அவ்வளவு கவலை தருவதில்லை. உயிர் இரசாயனமும் மருந்தியலும் பாடத்திட்டத்தில் உள்ளனவேயானாலும், அவற்றை உழைத்துக் கடந்துவிடலாம். உயிரியலில் கண்ணின் அமைப்பும் நரம்புப் பாதையும் நிறைய மனனம் கேட்பவை. ஆங்கிலம் வேறு விதமான தடை. தமிழ்நாட்டில் விடுதியிலும் தெருவிலும் தமிழ் இருக்கும், விரிவுரையும் வினாத்தாளும் ஆங்கிலத்தில் இருக்கும். சாதாரண தர ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சித்தியடைந்த பிள்ளைக்கு இடையில் கிடைக்கும் மாதங்களில் வேறெந்த ரியூசனையும்விட ஆங்கிலப் பயிற்சியே முக்கியமானது.

புள்ளி காட்டாத பகுதி ஒன்றும் இருக்கிறது. ரெற்றினோஸ்கோப் என்னும் சிறு கருவியால் கண்மணிக்குள் ஒளிக்கீற்றைச் செலுத்தி, உள்ளிருந்து திரும்பும் ஒளி எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து, வில்லைகளை மாற்றி மாற்றி அந்த அசைவு நிற்கும் இடத்தைக் காண வேண்டும். வாய் பேசாத குழந்தையின் பார்வைக் குறையையும் இந்த முறையில் அளக்கலாம். கையும் கண்ணும் பழகுவதற்கு ஏராளமான கண்களைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை எத்தனை தரம் படித்தாலும் இது வராது. அதன் பின்னர் ஆறு மீற்றர் தூரத்து அட்டையைக் காட்டி, இந்த வில்லையில் தெளிவா, அந்த வில்லையில் தெளிவா என்று கேட்கும்போது, பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சி இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் நமது வயோதிபர்களிடமிருந்து விடையைப் பொறுமையோடு பெற வேண்டும். மதுரையில் 1976இல் 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப்புற இளம் பெண்களைத் தெரிந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்றுவித்து, தன் கண் பரிசோதனையின் பெரும் பகுதியை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. அவர்கள் ஒப்டோமெற்றிஸ்றுகள் அல்லர் என்பது உண்மை. எனினும் கைத்திறனும் பொறுமையும் பரீட்சைப் புள்ளியோடு கட்டாயம் சேர்ந்து வருபவை அல்ல என்பதற்கு அவர்கள் போதிய சான்று. அந்தத் தாயார் தம் மகளைப் பணம் கட்டும் முன்னர் சில வாரங்களுக்குக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தகுதியுள்ளவர் பரிசோதிக்கும் ஒரு நிலையத்தில் அனுமதி பெற்று உட்கார்ந்து பார்க்கச் செய்யட்டும். நாள் முழுவதும் இருட்டறையில் அதே கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்பது தனக்குச் சலிக்கிறதா என்பதை அவளே அறிந்துகொள்வாள்.

தங்கள் பத்திரிகையில் வந்த பதில்களில் ஒன்று, வன்னிக்கு இத்துறையினர் தேவை, ஆகவே புள்ளியைப் பார்க்காமல் அனுப்புங்கள் என்று வாதிட்டிருந்தது. தேவை இருப்பதை மறுப்பதற்கில்லை. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கரும்பலகை தெரியாததால் மந்தமானவன் என்று பெயரெடுத்த பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருந்தார்கள். நெல்லுமி கண்ணில் பட்டுப் புண்ணாகி வருவோரும், நாற்பதைத் தாண்டிய வெள்ளெழுத்துக்குச் சந்தையில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வோரும், நீரிழிவால் விழித்திரை பழுதாவதை அறியாதோரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இவ்வளவு தேவை உள்ள இடத்துக்குத் திறமை குறைந்தவர் போதும் என்பது எனக்கு உடன்பாடில்லை. குளுக்கோமா பெரும்பாலும் நோவில்லாமல், பக்கப் பார்வையை முதலில் தின்றுகொண்டு வரும் நோய். இழந்த பார்வை மீளாது. கொழும்பில் ஒருவர் அதைத் தவறவிட்டால் நோயாளி இன்னொருவரிடம் போய்க் காட்டக்கூடும். துணுக்காயில் ஒருவர் தவறவிட்டால் அடுத்த பரிசோதனை எப்போது என்பது பேருந்தையும் கூலி நாளையும் பொறுத்தது.

மீண்டும் பரீட்சை எழுதுவதா என்பது அடுத்த கேள்வி. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவைகள் தோற்றலாம் என்பதால், மூன்றையும் எழுதி முடிக்காமல் எழும்பக்கூடாது என்று ஒரு கொள்கை நம்மிடையே வளர்ந்திருக்கிறது. முதல் தடவை ஆசிரியர் இல்லாத பாடசாலையிலோ வீட்டுத் துயரத்திலோ எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் தடவை எழுதத்தான் வேண்டும். இரண்டாம் தடவையில் இசட் புள்ளி தெளிவாக உயர்ந்திருந்தால் மூன்றாவதும் எழுதலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால், யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து மூன்றாம் முறை அதே குறிப்புகளைப் படிப்பதால் வரக்கூடிய மாற்றம் சிறியது. அந்த ஆண்டின் செலவு பெரியது.

வெளிநாட்டு உறவினரின் ஆலோசனைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கனடாவில் ஒப்டோமெற்றிக் கல்லூரிகள் இரண்டே இரண்டு. வாட்டர்லூவில் ஆங்கிலத்திலும் மொன்றியலில் பிரெஞ்சிலும் கற்பிக்கிறார்கள். வாட்டர்லூவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுப் பல்கலைக்கழக விஞ்ஞானப் படிப்பு வேண்டும். ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா இங்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்வது அன்பினால். அங்கே பிறந்து வளர்ந்து உயர்ந்த புள்ளி எடுத்த பிள்ளைகளே போட்டியிட்டுத் திரும்பும் இடம் அது; உயர்தரத்திலிருந்து வாட்டர்லூவுக்கு நேரே போகும் பாதை இல்லை.

இந்தியாவுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் இரண்டு கடிதங்களை எழுதிப் பதிலைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். முதலாவது, அந்தக் கல்லூரிக்கு. இயற்பியல், வேதியியல், உயிரியலில் 50 சதவீதம் என்று பல கல்லூரிகள் கேட்பதுண்டு. நமது ‘எஸ்’ 35க்கும் 54க்கும் இடைப்பட்டது என்பதால் அதை எவ்வாறு கணிக்கிறார்கள் என்றும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கும் சமநிலைச் சான்றிதழ் தேவையா என்றும் எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் முகவர் சொல்லும் உறுதி முதலாம் ஆண்டின் முடிவில் எவருக்கும் நினைவிருப்பதில்லை. இரண்டாவது கடிதம் இலங்கைக்குள்ளே: பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும், அந்தப் பட்டத்துடன் திரும்பி வருபவர் இங்கு எந்த நிலையில் பதிவு பெற்றுத் தொழில் செய்யலாம் என்று இலங்கை மருத்துவச் சபையிடமும் கேட்க வேண்டும். பதிவுத் தபாலுக்கு ஆகும் செலவு ஒரு நாள் ரியூசன் காசுக்கும் குறைவு.

ஒட்டுசுட்டான் தாயாரின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். அந்த ‘சி’ பௌதிகவியலுக்குக் கிடைத்ததென்றால், மேலே சொன்ன கேள்விகளுக்கு உங்கள் மகள் தயக்கமின்றி விளக்கம் சொல்கிறாள் என்றால், பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் வர்த்தமானி விண்ணப்பத்தையும் தவறாமல் அனுப்பிவிட்டு, நான்காண்டுப் பட்டம் தரும் நல்ல கல்லூரி ஒன்றுக்கும் விண்ணப்பியுங்கள். ‘சி’ உயிரியலுக்கும் ‘எஸ்’ பௌதிகவியலுக்கும் என்றால், முதல் இரண்டையும் அனுப்புங்கள். பணம் கட்டும் படிப்பைப் பற்றிய முடிவை, அவள் ஒளியியல் அத்தியாயத்தைத் தானாக ஒருமுறை படித்து உங்களுக்குச் சொல்லித் தரும் வரை ஒத்திவையுங்கள். அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே விரும்பவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான். அதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். தாதியியலும் ஆய்வுகூட விஞ்ஞானமும் இரண்டாம் தரத் தொழில்கள் அல்ல.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வெளியாகும் காலத்தில் தங்கள் பத்திரிகையில் கண்பார்வைத் துறைப் படிப்புகள் உட்படப் பல கற்கைநெறிகளின் விளம்பரங்கள் அரைப் பக்க அளவில் வருகின்றன. படிப்புக் காலம் எத்தனை ஆண்டுகள், கிடைப்பது பட்டமா டிப்ளோமாவா, பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, நோயாளரைப் பார்க்கும் பயிற்சி எந்த வைத்தியசாலையில் என்ற நான்கு விபரங்களும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும் என்று விளம்பரதாரர்களிடம் தாங்கள் நிபந்தனை விதிக்கலாம். அதனால் சில விளம்பரங்கள் குறையும் என்பதை அறிவேன். அந்த இடத்தில் அதே வாரத்து வர்த்தமானி அறிவித்தல்களின் தமிழ்ச் சுருக்கத்தை இறுதித் திகதியுடன் வெளியிட்டீர்களானால், அதைப் பெயர்த்து எழுதி வகுப்பறைகளில் ஒட்டுவதற்கு என்னைப் போன்ற ஓய்வுநிலை ஆசிரியர்கள் வன்னியின் ஒவ்வொரு கோட்டத்திலும் இருக்கிறார்கள்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுநிலை பௌதிகவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.